சுண்ணாம்புக்காரத் தெருவில் வாய்முறை

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஆறு ஐம்பதுக்கு, திண்டுக்கல் சுண்ணாம்புக்காரத் தெருவின் நடுவில் சைக்கிளை நிறுத்திய பால்காரர் இன்னாசி, வக்கீல் வீட்டு அம்மாளின் தூக்குவாளியில் முக்கால் லிட்டரை ஊற்றிக்கொண்டே, "உங்கப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இருந்துச்சு, நான்தான் இல்லைன்னு சொன்னேன்" என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போல மேலே கொஞ்சம் கொசுறும் ஊற்றிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த அம்மாளின் அப்பா வத்தலக்குண்டில் உயிரோடு இருந்தார், முந்தின நாள்தான் போன் செய்து மூட்டுவலிக்குத் தைலம் கேட்டிருந்தார், ஆகவே வேறு யாருக்கோ சொல்ல வேண்டியது தனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவள் வாளியை மூடினாள்; ஆனால் எதிர்ச்சாரியில் இஸ்திரி வண்டிக்குக் கரியை விசிறிக்கொண்டிருந்த திரவியம், தலையை நிமிர்த்தாமலே, "தெரியும், அன்னைக்கே தெரியும், நீயா சொல்லுவேன்னு பாத்தேன்" என்று பதில் சொன்னான், பிறகு தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அதே நிமிஷத்தில், பதினாலாம் எண் வீட்டு ஜன்னலுக்குள், அமலோற்பவம் இந்த இரண்டு வசனங்களையும் நோட்டில் எழுதி முடித்து, புள்ளி வைத்து, ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. டெலிபோன் நிலையத்தில் டிரங்க் கால் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, டிரங்க் கால் என்ற ஒன்றே இல்லாமல் போன பிறகு பில் கவுண்டருக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து ஓய்வு பெற்றவள். நாலு நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் வந்திருந்தன. தெரு அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எழுதுவதை ஏதோ ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவது போல அவளுக்கென்று இருக்கிற ஒரு காலை வேலை என்று விட்டுவிட்டது. ஆறரைக்கு ஜன்னலோர மேஜையில் உட்காருவாள், ஒன்பதுக்கு எழுந்திருப்பாள், ஒன்றரைப் பக்கம் வந்தால் நல்ல நாள், வராத நாளிலும் அதே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், கால் வந்தாலும் வராவிட்டாலும் ஆப்பரேட்டர் போர்டுக்கு முன்னால் இருந்தாக வேண்டும் என்று பழகியவள் அவள். மழை, மரம், வீட்டு அமைப்பு இதையெல்லாம் கடகடவென்று எழுதிவிடுவாள். ஆட்கள் பேசுகிற இடம் வந்தால் மட்டும் பேனா நிற்கும். உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்து, அந்த ஆளின் வாயில் அது உட்காருகிறதா என்று தெரிந்த பிறகுதான் எழுதுவாள்.

என்ன நடக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அவள் கணவர் சவரிநாயகம். மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர், கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் மனைவி எழுதிய ஒரு வரியைக்கூடப் படித்திராதவர். வியாழக்கிழமை காலை வாசலில் மொபெட்டின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் வாயிலிருந்து, "என்னைக் கட்டிக்கிறதுக்கு முந்தி நீ யாருக்குக் கடிதாசி எழுதிக்கிட்டிருந்த, அதை மட்டும் சொல்லிடு" என்று வந்தது. அவர் பிளக்கைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை.

"இது என் வாயில வந்துச்சு," என்றார்.

அமலோற்பவம் திரும்பாமல், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கடைசியில 'சொல்லிடு' கொஞ்சம் இடிச்சுது. நம்ம பக்கம் 'சொல்லிரு'ம்பாங்க."

அவள் அதை அடித்து 'சொல்லிரு' என்று எழுதினாள். அவர் வாய் அதையும் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இப்பச் சரியா இருக்கு" என்று சொந்தமாகச் சொன்னது.

அதன் பிறகு தெருவில் யாரும் இதைப்பற்றி ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட நேரமில்லை, ஏனென்றால் ஏற்பாடுகள் செய்யவேண்டியிருந்தன. எழுதுகிற வசனம் அவள் ஜன்னலுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் வாயைத் தேடிப் போகிறது, வாய் எதிலாவது நிறைந்திருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வாய்க்குப் போகிறது என்பது பத்து நாளில் தெரிந்தது. அதனால் தெரு ஆறரையிலிருந்து ஒன்பது வரை வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு வேலை செய்யப் பழகியது. வாசல் தெளிப்பவர்கள், பூப் பறிப்பவர்கள், பிள்ளைக்குத் தலை வாருகிறவர்கள் எல்லோரும் கன்னம் உப்பியபடி நடமாடினார்கள். ஒன்பது மணிக்கு இரண்டு சாரியிலும் சாக்கடையில் துப்புகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். பெண் பார்க்க வருகிறவர்களை ஒன்பதரைக்கு மேல் வரச் சொன்னார்கள். வெளியூர்க் கீரைக்காரி ஒருத்தி விவரம் தெரியாமல் தெருவுக்குள் நுழைந்து, அரைக்கீரை கேட்ட சவரிநாயகத்திடம் "உன்னை நான் எந்தக் காலத்திலயும் விரும்பல" என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார். மாமியாரைத் திட்டிவிட்டு "நான் சொல்லல, அமலோற்பவம் அக்கா வசனம்" என்று தப்பித்துக்கொள்கிற மருமகள்கள் பெருகியதால், வக்கீல் தெய்வசிகாமணி ஒரு யோசனை சொன்னார். அதன்படி அமலோற்பவம் தினமும் ஒன்பது மணிக்கு அன்றைய பக்கத்தை ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினாள், வேண்டியவர்கள் வந்து ஒத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் சும்மா போகவில்லை. "அக்கா, நேத்து ஒரே மூச்சுல இருபத்தஞ்சு வார்த்தை குடுத்துட்டீங்க, எனக்கு ஆஸ்துமா" என்றார் இன்னாசி. "அந்தப் பொம்பளை அவ்வளவு கோவத்துல போயி 'ஆகவே'ங்கிறாளே, யாருக்கா அப்படிப் பேசுறா, பேசுனப்புறம் எனக்கே கூச்சமா இருந்துச்சு" என்றான் திரவியம். பொருந்தாத வசனத்தைப் பேசுகிறவர்களுக்கு விக்கல் வந்தது, பொய்யான வசனம் என்றால் மத்தியானம் வரை நிற்கவில்லை. அமலோற்பவம் இதையெல்லாம் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் அவள் வசனங்கள் பாதியாகக் குறைந்தன. பதிப்பாளர் சென்னையிலிருந்து, உங்கள் பாத்திரங்கள் இப்போது குறைவாகப் பேசுகிறார்கள், நிறையக் கேட்கிறது என்று எழுதியிருந்தார்; அவள் அந்தக் கடிதத்தை இன்னாசிக்குப் படித்துக் காட்டினாள்.

வைகாசியில் ஒரு சிக்கல் வந்தது. திருவிழாவுக்காகத் தெரு முழுக்கக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், பக்கத்தில் வாய் கிடைக்காத வசனம் ஒன்று தெரு முனை தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய், பழனி பஸ்ஸின் கண்டக்டர் வாயில் ஏறி, "இறங்கு, உன் முகத்தை இனிமே பாக்க மாட்டேன்" என்று சொல்ல, முன்சீட்டில் இருந்த ஒருவர் மரியாதையாக இறங்கிவிட்டார். வெளியாட்களுக்குத் தொந்தரவு கூடாது என்று அந்தோணியார் சிற்றாலயத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுத் தெருக்கூட்டம் கூடியது.

ஒன்பதாம் எண் வீட்டு ராக்கப்பன் முதலில் எழுந்தார். எழுபத்து நாலு வயது, புகையிலைக் கிட்டங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர், தெருவில் எந்த மனுவிலும் முதல் கையெழுத்து அவருடையது. அமலோற்பவத்தின் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அவருடையது என்றாலும், மாசியிலிருந்து இன்றுவரை ஒரு வசனம்கூட அவர் வாயில் வந்ததில்லை. ஆறு மணிக்கே மலைக்கோட்டைப் பக்கம் நடக்கப் போய், திரும்பி வந்து முக்கு டீக்கடையில் ஒன்பது வரை பேப்பர் படித்துவிட்டுத்தான் தெருவுக்குள் வருவார்.

"எழுதுறதை நிறுத்தச் சொல்லிட்டாப் போச்சு. இதுக்கு என்னத்துக்குக் கூட்டம்?" என்றார் அவர்.

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கதை பாதியில் இருந்தது. அமலோற்பவம் அப்போது ஒரு நாவலை ஆரம்பித்திருந்தாள், தெருவுக்கு அதில் வசனம் மட்டும்தான் தெரியும், இடையில் என்ன நடக்கிறது என்பதை அவர்களாகவே இட்டுக்கட்டிக்கொண்டு குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த ஆப்பரேட்டர் பொண்ணு என்னத்தையோ ஒளிச்சு வச்சிருக்கா, அது என்னன்னு தெரிய வேண்டாமா?" என்றார் இன்னாசி.

"கதைதானய்யா," என்றார் ராக்கப்பன்.

"அது சரி. பேசுறது நாங்கள்ல?"

கடைசியில் முறை வைப்பது என்று முடிவாயிற்று. தெருவில் இருபத்திரண்டு வீடு. நாளுக்கு ஒரு வீடு, அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் ஆறரைக்கு வந்து அமலோற்பவத்தின் ஜன்னலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அன்றைய வசனங்களை எல்லாம் பேசிவிடுவது, மற்றவர்கள் நிம்மதியாக இருப்பது. இதற்கு வாய்முறை என்று பெயர் வந்தது. ராக்கப்பன் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்பதாம் எண்ணுக்கு நேராக பெருமாயி என்று இருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை; அந்த வீட்டில் எந்த வேலைக்கு நேராகவும் அந்தப் பெயர்தான் இருக்கும்.

பெருமாயி அவர் தம்பி பெண்டாட்டி. இருபத்தோரு வயதில், கல்யாணமான பதினாலாம் மாதம், பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குத் தறி ஓட்டப் போன கணவன் பிச்சைமணி லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான் என்று தகவல் வந்து, உடலில்லாமலே கருமாதி முடித்து, தாலியைக் கழற்றி, அதிலிருந்து மூத்தவர் வீட்டோடு இருக்கிறாள். அவர் பிள்ளைகள் மூன்று பேரையும் வளர்த்தவள் அவள்தான், படுத்த படுக்கையாய்க் கிடந்த அவர் மனைவிக்குக் கடைசிவரை பார்த்தவளும் அவள்தான். வாய்முறை வருகிற நாள் அவளுக்குத் திருநாள். "இங்க வந்து உக்காந்தாத்தான்க்கா எனக்கு உக்கார முடியுது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் காலை மடித்துப் போட்டுக்கொள்வாள். மற்றவர்கள் வசனத்தைச் சுமையைப் போல இறக்கி வைப்பார்கள். அவள் வாயில் வந்தால் அழுகை அழுகையாகவும் எகத்தாளம் எகத்தாளமாகவும் இருக்கும், பெண்கள் எதற்கும் இருக்கட்டும் என்று வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்று கேட்பார்கள். ஒன்பது மணிக்கு நாற்காலியை எடுக்கும்போது ஜன்னலைப் பார்த்துக் கேட்பாள்: "ஏங்க்கா, அந்த ஆப்பரேட்டர் பொண்ணு எப்பத்தான் சொல்லப் போறா? தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லாம இருக்காளே, அவளுக்குச் சோறு எறங்குதா?"

அமலோற்பவம் "பாப்போம்" என்பாள்.

ஏனென்றால் பிச்சைமணி சாகவில்லை. அது இந்தத் தெருவில் இரண்டு பேருக்குத் தெரியும், ஒருத்தர் ராக்கப்பன், இன்னொருத்தி அமலோற்பவம். அவளுக்குத் தெரியும் என்பது ராக்கப்பனுக்குத் தெரியாது, அல்லது நாவலில் ஆப்பரேட்டர் பெண் வருகிற வரை தெரியாது.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில், மதிய ஷிப்டில், பிவண்டியிலிருந்து ஆள் பெயர் சொல்லிப் பதிந்த டிரங்க் கால் ஒன்று வந்தது. புகையிலைக் கிட்டங்கிக்கு, ராக்கப்பன் என்பவருக்கு. அடிக்கடி அறுந்துபோகிற லைன் என்பதால் ஆப்பரேட்டர் கூடவே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அமலோற்பவத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது. தம்பி, தான் வரப்போவதில்லை என்றான், அங்கே வேறு ஒருத்தி இருக்கிறாள், அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றான். இங்கே இருக்கிறவளுக்கு என்னடா சொல்வது என்று அண்ணன் கேட்டார். நான் செத்துட்டேன்னு அவகிட்டச் சொல்லிரு என்றான் தம்பி. கொஞ்ச நேரம் லைனில் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு அண்ணன், சரி என்றார். மூன்று நிமிஷம் முடிந்ததால் அமலோற்பவம் குறுக்கே வந்து, எக்ஸ்டென்ஷன் வேண்டுமா என்று விதிப்படி கேட்டாள். வேண்டாம்மா என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார்.

ஷிப்ட் முடிந்து சாயங்காலம் அவள் தெருவுக்குள் நுழைந்தபோது எதிர் வீட்டில் ஒப்பாரி ஆரம்பித்திருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள். பெருமாயி அவள் மடியில் விழுந்தாள். காதில் கேட்டது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் ஒன்று இருந்தது, அந்தக் காகிதத்துக்காகத்தான் சொல்லவில்லை என்று முதல் பத்து வருஷம் அமலோற்பவம் நினைத்தாள். பெருமாயியின் நல்லதுக்காக என்று அடுத்த பத்து வருஷம் நினைத்தாள். பிறகு காரணம் எதுவும் மிச்சமில்லாமல் சொல்லாமல் இருப்பது மட்டும் பழக்கமாக மிஞ்சியது. நாலு நாவல்களிலும் அவள் இதைச் சுற்றிச் சுற்றிப் போனாள். ஐந்தாவதை, வேறு வழியில்லாமல், நேராக இதை வைத்தே ஆரம்பித்தாள், பெருமாயிக்கு அதில் சரோஜா என்று பெயர் வைத்து.

தை மாதம் நாவல் அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு வந்து சேர்ந்தது.

முதல் நாள் அவள் தம்பியை, "நான் வரலைன்னு சொல்லிரு" என்று பேச வைத்தாள். அன்று வக்கீல் வீட்டு முறை. தெய்வசிகாமணிக்கு விக்கல் பிடித்து, கோர்ட்டில் ஜட்ஜ் தண்ணீர் கொடுக்கச் சொல்லும்படி ஆனது. மறுநாள், "என்னை மறந்துறச் சொல்லு" என்று மாற்றினாள். அன்றைய முறையை முடித்துவிட்டுப் போன இன்னாசி விக்கிக்கொண்டே பால் ஊற்றியதில் பாதித் தெருவுக்கு அளவு கூடிப்போனது. மூன்றாம் நாள், "நான் காணாமப் போயிட்டேன்னு சொல்லிரு" என்று எழுதினாள். முறைக்கு வந்திருந்த திரவியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்கு வந்தான்.

"அந்த ஆளு அப்படிச் சொல்ல மாட்டான்க்கா. நீங்க அவனை நல்லவனாக்கப் பாக்குறீங்க. இவன் இதை விடப் பெருசா ஏதோ சொல்லியிருக்கான், தொண்டையில வந்து நிக்கிது."

"நாளைக்குச் சரி பண்ணிர்றேன் திரவியம்."

"நாளைக்கு ஒன்பதாம் நம்பர் வீடு. பெருமாயி அக்காவுக்கா விக்கல் குடுக்கப் போறீங்க?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆறரைக்குப் பெருமாயி நாற்காலியோடு வந்தாள், காலை மடித்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறே முக்கால் ஆயிற்று, ஏழேகால் ஆயிற்று. அமலோற்பவம் டெலிபோன் நிலையத்துப் படிக்கட்டை எழுதினாள், போர்டில் விளக்கு எரிவதை எழுதினாள், காதில் மாட்டுகிற கருவியின் பஞ்சு வியர்வையில் ஊறியிருப்பதை எழுதினாள். யாரும் பேசவில்லை.

"என்னக்கா, இன்னிக்கு எல்லாரும் ஊமையாயிட்டாங்களா?" என்றாள் பெருமாயி வெளியிலிருந்து. "நான் ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா எங்க அத்தானுக்குப் பொறுக்காது."

"பேசுவாங்க. இரு."

"இன்னிக்காவது அந்தப் புள்ள வாயைத் தொறப்பாளா? எட்டு மாசமா அவளுக்கு நான் பேசுறேன். எனக்குத்தான் நெஞ்சை அடைக்குது."

அமலோற்பவத்துக்கு வசனம் உதட்டில் வந்து நின்றது. அதை எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெருமாயி தன் குரலில், தன் உயிரையெல்லாம் கொடுத்து, நான் செத்துட்டேன்னு அவகிட்டச் சொல்லிரு என்று சொல்வாள், விக்கல் வராது, வாசல்களில் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள், படுபாவி என்று பெருமாயியே அவனைத் திட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் ராக்கப்பனுக்கு இட்லி அவிப்பாள். யாருக்கும் எதுவும் தெரியாது. நாவலில் அது மிக நல்ல இடமாக அமையும். கடைசியில் இந்த எண்ணம் வந்தவுடன் அமலோற்பவம் பேனாவை மூடினாள்.

அந்த நேரத்தில் அவள் வாசலுக்கு வந்து யாரும் பார்த்ததில்லை. அவள் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெருமாயி, இது கதையில்ல."

ஆரம்பித்தது முதல் வேண்டாம்மா வரை அவள் சொன்னாள், எதையும் விடாமல், தணிந்த குரலில், லைன் ரிப்போர்ட் கொடுப்பதைப் போல. பெருமாயி மடித்துப் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினாள்.

"என் பேரைச் சொன்னாரா?"

"இல்ல. அவகிட்டச் சொல்லிருன்னாரு."

"அவகிட்ட." அவள் அதைச் சொல்லிப் பார்த்தாள். "அத்தான் உடனே சரின்னாரா?"

"கொஞ்சம் கழிச்சு."

"எம்புட்டு நேரம் கழிச்சு?"

"பதினொரு செகண்ட். போர்டுல கடிகாரம் இருக்கும்."

"அன்னைக்கு நீங்க வந்து என்கூட உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"என் தலையைத் தடவிக் குடுத்தீங்க."

"ஆமா பெருமாயி."

பெருமாயி எழுந்தாள். சேலையை உதறிச் சொருகினாள். "உங்ககிட்ட அப்புறமாப் பேசிக்கிறேன்," என்றாள். "மொதல்ல நீங்க உள்ள போயி உக்காருங்க. அது எப்படிப் பேசுனாங்களோ அப்படியே எழுதணும். நான் போயி எங்க வீட்டு வாயைக் கூட்டியாறேன்."

முக்கு டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராக்கப்பனிடம், எனக்கு முடியல, இன்னிக்கு முறைக்கு நீங்க வந்து உக்காருங்க என்று அவள் சொன்னாள். அவர் எரிச்சலோடு பார்த்தார். பட்டியல் எழுதியவரே மாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார், பெருமாயி டம்ளரில் கொண்டுவந்து கொடுத்து, அவர் விழுங்குகிற வரை எதிரில் நின்று, மிச்சத்தைத் தன் வாயில் அடக்கிக்கொண்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ராக்கப்பன் நாற்காலியில் இருக்கிறார் என்ற செய்தி எப்படியோ பரவி, இரண்டு சாரி வாசல்களிலும் ஜனம் வந்து நின்றது, எல்லாக் கன்னங்களும் உப்பியிருந்தன, தெருவில் காக்கைச் சத்தம் மட்டும் இருந்தது.

அமலோற்பவம் எழுதினாள்.

"அண்ணே, நான் வரல," என்றார் ராக்கப்பன். பிறகு, "இங்க ஒருத்தி இருக்கா, முழுகாம இருக்கா," என்றார். அதற்குள் அவர் கை நாற்காலியின் பிடியைப் பிடித்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். பெருமாயி அவர் முழங்கால் மேல் கையை வைத்தாள், அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். "இங்க இருக்கிறவளுக்கு என்னடா சொல்றது?" என்று அவர் வாய் கேட்டது. "நான் செத்துட்டேன்னு அவகிட்டச் சொல்லிரு," என்று அவர் வாய் பதில் சொன்னது. பிறகு ஜன்னலுக்குள் பேனா, லைனில் இரைச்சல் மட்டும் இருந்தது என்பதை எழுதிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், ராக்கப்பன் வாய் லேசாகத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லாமல் இருக்க அவர் முயற்சி செய்தது கழுத்து நரம்பில் தெரிந்தது. "சரி," என்றார்.

விக்கல் வரவில்லை. தெருவில் ஒவ்வொருவருக்கும் அது புரிந்தது. பொய் இல்லாத வசனம் எப்படி இறங்கும் என்பது பத்து மாதமாக அவர்கள் தொண்டைக்குத் தெரியும்.

"மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ஷன் வேணுமா?" என்று அவர் வாய் கேட்டபோது, ராக்கப்பன் தலையைத் திருப்பி முதல் தடவையாக ஜன்னலைப் பார்த்தார். "வேண்டாம்மா," என்றார். அமலோற்பவம் பேனாவை மூடி, மூடியது வெளியே தெரியும்படி கம்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெருமாயி எழுந்து சாக்கடைக்குப் போய்த் தண்ணீரைத் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"கொடியில உங்க துணி கெடக்கு அத்தான்," என்றாள். "போயி எடுத்து மடிச்சுக்கங்க. இனிமே நீங்களே மடிச்சுக்கங்க."

ராக்கப்பன் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று இரண்டு சாரியையும் பார்த்தார். எல்லார் வாயிலும் தண்ணீர் இருந்தது. அவர் எழுந்து, செருப்பை மாட்டத் தெரியாமல் இரண்டு தடவை தடுமாறி, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெருமாயி காலியான நாற்காலியில் உட்கார்ந்து காலை மடித்துப் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அமலோற்பவம் ஜன்னலுக்குள்ளிருந்து, "நீ சொன்னதை நான் எழுதிக்கலாமா?" என்று கேட்டாள்.

பெருமாயி அவளைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "எழுதுங்க. பேரை மட்டும் மாத்தாதீங்க."

அந்த வாரமே பெருமாயி வக்கீல் வீட்டுப் பின்கட்டு அறைக்கு மாறிப் போனாள், ஒரு பள்ளி விடுதியில் சமைக்கிற வேலையில் சேர்ந்தாள், காலை ஏழு மணிக்கே போய்விடுவதால் வாய்முறைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அப்புறமாகப் பேசிக்கொள்கிறேன் என்று அமலோற்பவத்திடம் சொன்னதை இதுவரை பேசவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் நின்று, பார்த்து, போகிறாள், அமலோற்பவமும் நிற்கிறாள். நாவல் புரட்டாசியில் முடிந்தது. பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவர், இருநூற்றுப் பதினோராம் பக்கம் வரை சரோஜா என்று வருகிற பெண் அடுத்த பக்கத்திலிருந்து கடைசிவரை பெருமாயி என்று வருகிறாள், எது சரி, எதைத் திருத்த என்று கேட்டு எழுதியிருந்தார். அமலோற்பவம் அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எதையும் திருத்த வேண்டாம், அதுவரை எனக்குத் தைரியமில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். புத்தகம் அப்படியேதான் வந்திருக்கிறது.